முட்டைக்கோஸ் இலையில் ஒரு பங்காளிச் சண்டை

கேள்வி இது: "காய்கறிகளின் மேல் இயல்பாகவே வாழும் சில பாக்டீரியாக்கள், மற்ற கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகளைச் சுரக்கின்றன என்று படித்தேன். உண்மைதானா? அப்படியென்றால் காய்கறியை இவ்வளவு கழுவுவது, நல்லதையும் சேர்த்துக் கழுவி விடுவதாகாதா? அதுவும் ஒரு ஆன்டிபயாடிக்தானே, வயிற்றுக்கு ஆகுமா? கோஸ் புளிக்கவைத்த தண்ணீரை மற்ற காய்கள் மேல் தெளித்து வைத்தால் கெடாமல் இருக்குமா?"

உண்மைதான், சுரக்கின்றன. ஆனால் அவை நமக்காகக் காவல் நிற்கவில்லை. அங்கே நடப்பது பங்காளிச் சண்டை. ஒரே வரப்பு, ஒரே கிணறு என்று பங்கு கேட்டு நிற்கும் நெருங்கிய உறவுக்காரனைத்தான் ஒரு பாக்டீரியா முதலில் விரட்டப் பார்க்கும். ஊர்க்கோடியில் இருப்பவன் எப்படிப் போனால் அதற்கென்ன? இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

இந்தப் பொருள்களுக்குப் பொதுப்பெயர் பாக்டீரியோசின். 1925இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆந்த்ரே கிராசியா, ஒரு ஈ. கோலை வகை இன்னொரு ஈ. கோலை வகையைக் கொல்வதைக் கவனித்தார். கதை தொடங்கியதே பங்காளிகளிடம்தான் பாருங்கள். பெனிசிலின் மாதிரியான மருந்தைப் பூஞ்சை, பல நொதிகளை வரிசையாக வைத்துச் சமைக்கிறது. பாக்டீரியோசின் அப்படி வருவதில்லை. மரபணுவில் எழுதியிருப்பதை, செல்லின் புரதப் பட்டறையான ரைபோசோம் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்கிற சின்னப் புரதம் அது. அதனால்தான் பெப்டைட் என்கிறோம்.

எல்லாவற்றிலும் நன்றாகத் தெரிந்தது நைசின். அதன் வரலாறு காய்கறியில் தொடங்கவில்லை, பாலில் தொடங்குகிறது. 1928இல் அமெரிக்காவில் ஒரு லாக்டிக் அமில பாக்டீரியா (சர்க்கரையைப் புளிப்பாக்கும் வகை) இன்னொன்றின் வளர்ச்சியைத் தடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார்கள். 1933இல் நியூசிலாந்தில் ஒயிட்ஹெட் என்பவர், சீஸுக்காக உறை ஊற்றிய பால் சரியாகப் புளிக்காமல் போவதை ஆராய்ந்தார். பாலில் இருந்த வேறொரு பாக்டீரியா புரதம் போன்ற ஏதோ ஒன்றைச் சுரந்து, உறை பாக்டீரியாவை முடக்கியிருந்தது. 1947இல் இங்கிலாந்தில் மாட்டிக், ஹிர்ஷ் இருவரும் அந்தப் பொருளுக்கு நைசின் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்து வகைப்பாட்டில் அந்த பாக்டீரியா ஸ்ட்ரெப்டோகாக்கஸில் 'என்' பிரிவு. அந்தப் பிரிவு சுரக்கும் தடுப்புப் பொருள் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டான பெயர் அது. இன்று அந்த பாக்டீரியாவை லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்கிறோம்.

சரி, பாலில் கண்டுபிடித்ததற்கும் காய்கறிக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். லாக்டோகாக்கஸ் லாக்டிஸின் சொந்த ஊர் பால் கிடையாது. அது செடிகொடிகளில் வாழ்ந்த உயிர். மனிதன் மாடு கறக்கத் தொடங்கிய பிறகு பாலுக்குக் குடிவந்தது. பாலில் எல்லாம் தயாராகக் கிடைப்பதால், பால்வகைகள் தங்கள் பழைய திறமைகளில் பலவற்றைத் தொலைத்துவிட்டன. செடியில் வாழும் வகைகளோ இன்றும் செடியின் பலவிதச் சர்க்கரைகளைத் தின்னத் தெரிந்தவை. நைசின் மரபணுவே இதற்குச் சாட்சி சொல்கிறது. நன்றாக ஆராயப்பட்ட ஒரு வகையில், நைசின் செய்யும் மரபணுக்கள் சுமார் 70,000 எழுத்து நீளமுள்ள, இடம்விட்டு இடம் தாவும் ஒரு டிஎன்ஏ துண்டில் இருக்கின்றன. அதே துண்டில் கூடவே பயணம் செய்வது எது தெரியுமா? சுக்ரோஸைச் செரிக்கும் மரபணுக்கள். பாலில் சுக்ரோஸ் ஏது, அங்கே இருப்பது லாக்டோஸ். சுக்ரோஸ் செடியின் சர்க்கரை. சோற்றையும் ஆயுதத்தையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த மாதிரி.

அதன்பிறகு தேடியவர்களுக்குக் காய்கறியிலேயே நேராகக் கிடைத்தது. புளிக்கவைத்த முட்டைக்கோஸிலிருந்து நைசின் சுரக்கும் லாக்டோகாக்கஸைப் பிரித்தெடுத்தார்கள். 1997இல் கனடாவில், முளைகட்டிய பயறிலிருந்தும் ஒன்று கிடைத்தது.

இனி அது எப்படிக் கொல்கிறது என்பதற்கு வருகிறேன். நைசின் 34 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி. ஆனால் சாதாரணச் சங்கிலி மாதிரி நீட்டிக் கிடக்காது. செய்து முடித்த பிறகு பாக்டீரியா அதில் சில இடங்களைக் கந்தகப் பாலம் போட்டு வளைத்து, ஐந்து வளையங்கள் ஆக்குகிறது. இந்த முதல் வளையங்கள் இரண்டும் போய்ப் பிடிப்பது, எதிரி செல்லின் சவ்வில் இருக்கும் லிப்பிட் 2 என்ற மூலக்கூறை. செல் சுவர் கட்டுவதற்குச் செங்கல் சுமந்து வரும் சித்தாள் என்று அதைச் சொல்லலாம். சித்தாளைப் பிடித்து வைத்தால் சுவர்வேலை நின்றுவிடும். நைசின் அதோடு விடுவதில்லை. எட்டு நைசினும் நான்கு லிப்பிட் 2 மூலக்கூறும் சேர்ந்து சவ்வில் ஓர் ஓட்டையே போட்டுவிடுகின்றன. உள்ளே இருப்பது வெளியே ஒழுகி, செல் செத்துப்போகும். இப்படி இரட்டை அடி அடிப்பதால் மிகக் குறைந்த அளவே போதும்.

ஆனால் ஈ. கோலை, சால்மொனெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் வகைகளுக்கு, அந்தச் சவ்வுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. நைசினால் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. ஆக, வயிற்றுப்போக்கு என்றதும் நமக்கு முதலில் நினைவு வருகிற கிருமிகளிடம் அது செல்லாக்காசு. பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. அது நன்றாக வேலை செய்வது, தன்னைச் சுரக்கும் பாக்டீரியாவைப் போலவே அந்த வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் வகைகளிடம்தான். மற்ற லாக்டிக் பாக்டீரியாக்கள், லிஸ்டீரியா, ஸ்டேஃபிலோகாக்கஸ் போன்ற நோய்க்கிருமிகள், அப்புறம் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துகள். உருக்கிச் செய்யும் சீஸில் நைசின் சேர்ப்பது இந்த வித்துகளுக்காகத்தான். சூடு பண்ணினாலும் சாகாத வித்து, முளைத்தெழும் நேரத்தில் நைசினிடம் மாட்டிக்கொள்ளும். சீஸ் உறையின் பின்னால் 234 என்ற எண் இருந்தால் அது நைசின்.

இப்போது இலைக்கு வருவோம். வயலிலிருந்து வந்த கோஸ் இலையில் பாக்டீரியாக்கள் ஏராளம், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சூடோமோனாஸ், பான்டோயா மாதிரியான கிராம் நெகட்டிவ் வகைகள். நாம் பேசுகிற லாக்டிக் பாக்டீரியாக்கள் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மையும், காய்ந்து, வெயில்பட்டு, தின்னச் சர்க்கரை இல்லாமல் ஒடுங்கிக் கிடக்கிறது. ஆயுதம் செய்யத் தெரிந்தவன் பட்டினி கிடக்கும்போது ஆயுதம் செய்துகொண்டிருக்க மாட்டான்.

இதற்குச் சான்றாக ஒரு துயரக் கதை உண்டு. 1981இல் கனடாவின் கிழக்குக் கரை மாகாணங்களில் லிஸ்டீரியா நோய் பரவியது. 41 பேருக்கு வந்தது, அதில் 34 கர்ப்பிணிகளோ பிறந்த குழந்தைகளோ சம்பந்தப்பட்டவை. தேடிப்போனதில் அது கோல்ஸ்லா என்ற பச்சைக் கோஸ் சாலட்டில் போய் நின்றது. கோஸ் பயிரிட்டவர் ஆட்டு எருவைப் போட்டிருந்தார், அந்த மந்தையில் லிஸ்டீரியா வந்து ஆடுகள் செத்திருந்தன. அறுத்த கோஸைக் குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்த கிடங்கில் வைத்திருந்தார்கள். லிஸ்டீரியாவின் கெட்ட குணம், ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகுவது. லிஸ்டீரியா உணவு வழியாகப் பரவும் என்பதை உறுதியாக நிறுவியது அந்த ஆய்வுதான். அந்தக் கோஸ் இலைகளிலும் லாக்டிக் பாக்டீரியாக்கள் இருந்திருக்கும். அவை யாரையும் காப்பாற்றவில்லை.

எனவே கழுவுங்கள். ஓடும் தண்ணீரில் தேய்த்து அலசினால் கிருமிகள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும், முழுக்கப் போகாது. நல்ல பாக்டீரியாவும் அதே விகிதத்தில்தான் போகும். மிச்சமிருப்பது பிறகு உப்புநீரில் பெருகுவதற்குப் போதும். முளைகட்டிய பயறில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. வெதுவெதுப்பும் ஈரமும் முளைக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு கிருமிக்கும் பிடிக்கும். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் அதை வேகவைத்தே சாப்பிடுவது நல்லது.

முளைகட்டிய பயறு என்றதும் இன்னொன்று. நெதர்லாந்தில் 1990களில் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். காய்கறியிலிருந்து எடுத்த என்டெரோகாக்கஸ் முண்டிடி என்ற பாக்டீரியா, முண்டிசின் என்ற பெப்டைடைச் சுரக்கும். லிஸ்டீரியாவுக்கு அது எமன். அகார் தட்டில், அதாவது கிருமி வளர்க்கும் ஜெல்லி ஊற்றிய ஆய்வகத் தட்டில், வைத்துப் பார்த்தால் அற்புதமாக வேலை செய்தது. அதே பாக்டீரியாவை உயிரோடு முளைப்பயறில் விட்டபோது லிஸ்டீரியா அடங்கவில்லை. பெப்டைடைத் தனியாக எடுத்து, அந்தக் கரைசலில் பயறை முக்கியபோது எண்ணிக்கை குறைந்தது. தட்டில் ஜெயித்தவன் தட்டுக்கு வெளியே தோற்பது எங்கள் துறையில் வாடிக்கை.

தட்டு என்று சொன்னதால், நீங்கள் படிக்கும் "புதிய கிருமிக்கொல்லி பாக்டீரியா கண்டுபிடிப்பு" செய்திகளை எப்படி எடைபோடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். அகார் தட்டில் ஒரு பொட்டு பாக்டீரியாவை வளர்த்து, அதன்மேல் எதிரிக் கிருமி கலந்த மெல்லிய அகாரை ஊற்றுவார்கள். மறுநாள் பொட்டைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரிந்தால், அங்கே எதிரி வளரவில்லை என்று அர்த்தம். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது வெள்ளரிக்காய்த் தோலிலிருந்து எடுத்த ஒன்று இப்படிப் பெரிய வட்டம் போட்டது. இரண்டு நாள் நிலைகொள்ளவில்லை எனக்கு. மூன்றாம் நாள், அந்த பாக்டீரியா வளர்ந்த சாற்றின் அமிலத்தைக் காரம் விட்டுச் சமன்செய்து சோதித்தபோது வட்டத்தைக் காணோம். கொன்றது லாக்டிக் அமிலம், அதாவது வெறும் புளிப்பு. வட்டத்துக்கு இன்னும் இரண்டு போலிக் காரணங்கள் உண்டு. ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு, அதற்கு, அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி விட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். இவை எல்லாவற்றையும் கழித்த பிறகு, புரதத்தைச் சிதைக்கும் நொதியை விட்டால் வட்டம் மறைய வேண்டும். அப்போதுதான் அது பெப்டைட் என்று பேசலாம். இந்தப் படிகளைச் சொல்லாத செய்தியை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

அப்படியானால் இந்தப் பெப்டைடுகள் எங்கேதான் உண்மையில் வேலை செய்கின்றன? ஜாடிக்குள். கோஸை நறுக்கி இரண்டு, இரண்டரை சதவீதம் உப்புப் போட்டுப் பிசைந்து அழுத்தி வைத்தால் செல்கள் உடைந்து சர்க்கரைத் தண்ணீர் வெளியே வரும், காற்று வெளியேறிவிடும். இலையில் ஒடுங்கிக் கிடந்த சிறுபான்மை இப்போது ராஜாங்கம் நடத்தும். முதலில் லியூகோநாஸ்டாக் என்ற லாக்டிக் பாக்டீரியா பெருகி மணத்தையும் லேசான புளிப்பையும் தரும். புளிப்பு ஏற ஏற அது ஓய்ந்து, புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் வந்து கடைசி வரை புளிக்கவைக்கும். பிளான்டாரம் அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிட்டால் சுவை வெறும் காட்டமாகப் போகும். 1992இல் அமெரிக்காவின் வடக்கு கரோலைனாவில் ஒரு குழு இதற்கு அழகான யோசனை செய்தது. நைசினைத் தாங்கக்கூடிய லியூகோநாஸ்டாக்கையும், நைசின் சுரக்கும் லாக்டோகாக்கஸையும் ஜோடியாக விட்டார்கள். நைசின், பிளான்டாரத்தை வாசலில் நிறுத்தி வைக்க, லியூகோநாஸ்டாக் தன் வேலையை நிதானமாகச் செய்தது. நோய்க்கிருமியை அடக்க இல்லை, சுவைக்காக ஒரு பங்காளியை இன்னொரு பங்காளியை வைத்துத் தள்ளி நிறுத்தியது இது.

பிளான்டாரமும் சளைத்ததில்லை. உப்புநீரில் புளித்த வெள்ளரிக்காயிலிருந்து எடுத்த சி-11 என்ற வகையிலிருந்து 1990 வாக்கில் பிளான்டாரிசின் ஏ என்ற பெப்டைடைக் கண்டார்கள். பிறகு நார்வேயில் நோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் முதன்மை வேலை கொல்வது இல்லை, தகவல் சொல்வது. ஒவ்வொரு செல்லும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். கூட்டம் சேரச்சேர சுற்றிலும் அதன் அளவு கூடும். ஓர் அளவைத் தாண்டியதும், ஆள் சேர்ந்துவிட்டது என்று எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் உண்மையான ஆயுதங்களைச் செய்யத் தொடங்கும். அந்த ஆயுதங்களும் இரட்டையர். இரண்டு பெப்டைடுகள் சேர்ந்தால்தான் ஓட்டை விழும், தனித்தனியாக இருந்தால் அவ்வளவு பலனில்லை. இலையின் மேல் இந்தப் பெப்டைடுகளை நம்ப முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே ஆள் சேர்வதே இல்லை.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சோளக்கதிர்களைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் புளிக்கவைக்கும் ஓர் உணவு உண்டு, பெயர் காங்கா வாய். அதன் வாசனையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. அதிலிருந்து வந்த ஒரு பிளான்டாரம் வகையின் பெப்டைடில் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருந்தன. சர்க்கரையை எடுத்துவிட்டால் வேலை போய்விடுகிறது. இப்படி விதவிதமாக இன்னும் எத்தனையோ.

ஆன்டிபயாடிக்தானே என்று கேட்டீர்கள். கிருமியைக் கொல்வதால் அகராதிப்படி அப்படிச் சொல்லலாம். ஆனால் நைசினை மனிதர்களுக்கு மருந்தாகக் கொடுப்பதில்லை, பெரும்பாலும் உணவில்தான் பயன்படுகிறது. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்த வல்லுநர் குழு 1969இல் அதை ஏற்றது, அமெரிக்கா 1988இல் அனுமதித்தது. ஐரோப்பாவில் சீஸில் கிலோவுக்கு 12.5 மில்லிகிராம் வரை சேர்க்கலாம். விழுங்கினால் சிறுகுடலில் கணைய நொதிகள் அதை வேறெந்தப் புரதத்தையும் போல வெட்டிப் போட்டுவிடும். நாம் தோசையைச் செரிப்பது போலத்தான், இதில் வயிற்றுக்குப் பயமில்லை. எதிர்ப்புத்திறன் வருமா என்றால், ஆய்வகத்தில் வரவைக்க முடிகிறது. லிஸ்டீரியா தன் செல் சுவரையும் சவ்வையும் மாற்றிக்கொண்டு நைசினைத் தாங்கப் பழகும். முண்டிசின் வகைப் பெப்டைடுகள், லிஸ்டீரியா சர்க்கரையை உள்ளே இழுக்கும் வாசலைத்தான் பிடித்துக்கொள்கின்றன. அந்த வாசலையே மூடிவிட்டு அது தப்பிப்பதும் உண்டு. அதனால் ஒரே பெப்டைடை மட்டும் நம்பி உணவைப் பாதுகாக்கும் திட்டம் போடுபவரை நான் நம்ப மாட்டேன். குளிர், உப்பு, புளிப்பு இவற்றோடு கூட்டாகத்தான் இது பயன்படும்.

நம் ஊர் எண்ணெய் ஊறுகாயில் இதெல்லாம் நடக்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலும் இல்லை. அங்கே உப்பும் புளிப்பும் எண்ணெயும் சேர்ந்து எந்த பாக்டீரியாவையும் வளரவிடுவதில்லை. சண்டை போட ஆளே இல்லாத ஊர் அது. இட்லி மாவு வேறு கதை. உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வரும் லியூகோநாஸ்டாக்தான் இரவோடு இரவாக மாவைப் பொங்கவைக்கிறது. கோஸ் ஜாடியில் முதலில் வருகிறதே, அதே இனம்தான்.

கடைசியாக, தெளிக்கும் விஷயம். கோஸ் புளித்த தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) மூன்றரை வாக்கில் இருக்கும். அதைத் தெளித்தால் கொஞ்ச நேரம் ஏதாவது அடங்கலாம், ஆனால் அடக்குவது அமிலம்தான். நீர்த்துப்போன பெப்டைடு இலையின் மெழுகிலும் கொழுப்பிலும் ஒட்டிக்கொண்டு வீணாகும். கூடவே நீங்கள் ஈரத்தையும் சர்க்கரையையும் உயிருள்ள பாக்டீரியாவையும் தெளிக்கிறீர்கள். கீரை இரண்டு நாளில் வழுவழுப்பாகிவிடும். அந்தத் தண்ணீரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அடுத்த முறை கோஸ் நறுக்கிப் போடும்போது ஜாடியில் இரண்டு கரண்டி ஊற்றுங்கள். அல்லது ரசத்தில் விடுங்கள். உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.